தண்ணீர் கேளாத பசும்பாய்

வெள்ளவத்தை என்னும் பெயருக்குச் சிங்களத்தில் மணல் தோட்டம் என்று பொருள் கூறுவர். அப்பெயரை இட்டவர்கள் நிலத்தின் இயல்பை நன்கு அறிந்திருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஏதேனும் ஒரு வளவிற் சிறிது தோண்டிப் பார்த்தால், மேலே கொட்டிப் பரப்பிய மண்ணின் கீழிருந்து பழைய கடல் மணல் தலைகாட்டும். எத்தனை வாளி நீர் ஊற்றினாலும் அதனை விழுங்கிவிட்டு, மறுநாட் காலையில் ஒன்றும் அறியாததுபோல் உலர்ந்து கிடப்பது அம்மணலின் குணம். அதன் மீதுதான் நம்மவருட் பலர் விலைகொடுத்து வாங்கிய புல்லைச் சதுரஞ் சதுரமாகப் பதித்து, அது பச்சையாக இருக்கவில்லையே என்று மாசி மாதத்தில் மனம் நோகின்றனர்.

கொழும்பு வறண்ட நகரமன்று. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை இங்கு பெய்கிறது. யாழ்ப்பாணம் பெறுவதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு எனலாம். ஆயினும் வானம் இதனைச் சமமாகப் பங்கிட்டுத் தருவதில்லை. வைகாசியை ஒட்டித் தென்மேற்குப் பருவக்காற்றின் மழை கொட்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதைவிடவும் மிகுதியாகக் கொட்டும். பின்னர் ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் கையை இறுக மூடிக்கொள்ளும். மார்ச்சில் மாலை இடியோடு மழை திரும்பும் வரையுள்ள அந்த எட்டுப் பத்து வாரங்களே கொழும்புத் தோட்டத்தின் சோதனைக் காலம். மற்றைய மாதங்களிற் குழாயைத் திறப்பவர், பெரும்பாலும் தம் மனத் திருப்திக்காகவே திறக்கிறார்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு பேர்ச் நிலம் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். வெயிற் காலத்திற் புற்றரை நாளொன்றுக்கு 4 மில்லிமீற்றர் அளவு நீரை ஆவியாக விடும் என்று கொண்டால், ஒரு பேர்ச்சுக்கு நாடோறும் 100 லீற்றர் வேண்டும். மாதத்துக்கு அது 3,000 லீற்றர், அதாவது நீர்ப்பட்டியலில் 3 அலகு. இரண்டு பேர்ச்சஸ் புல் வைத்திருப்பவருக்கு 6 அலகு. பாவனை ஏற ஏற ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும் முறையில் கட்டணம் அமைந்திருப்பதால், புல் குடிக்கும் நீரே பட்டியலில் மிகுந்த விலைக்குரிய நீராகி விடுகின்றது. 2022 செப்டெம்பரிற் கட்டணம் உயர்த்தப்பட்ட பின்னர் இதனைக் குடும்பத் தலைவிகளுக்கு எடுத்துரைக்க வேண்டிய தேவையே இல்லாது போயிற்று.

பணம் ஒருபுறம் இருக்க, நீரின் வரலாற்றையும் எண்ணிப் பார்க்கலாம். லபுகமை நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது 1886ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் கொழும்பு மக்கள் கிணற்றை நம்பியே வாழ்ந்தனர். இன்று நகரின் நீரிற் பெரும்பங்கு களனி கங்கையில் அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது. வறட்சிக் காலத்தில் ஆறு மெலிந்ததும் கடல்நீர் எதிரேறி அவ்விடத்தையே அச்சுறுத்துகிறது. அங்கு உப்பைத் தடுக்க அணை அமைக்க வேண்டியதாயிற்று. புற்றரைக்கு நீர் அதிகமாக வேண்டப்படும் அதே வாரங்களில்தான் ஆறும் இளைத்துக் கிடக்கிறது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

புல் எவ்வளவு தாங்கும், எங்கே தோற்கும் என்று அறிய விரும்புவோர் காலிமுகத்திடலுக்குச் சென்று வரலாம். தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1859ஆம் ஆண்டில் அதன் உலாவுந் தெருவை முடித்து, கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலனுக்காகத் தமக்குப் பின் வருவோரிடம் அதனை ஒப்படைப்பதாகக் கல்லில் எழுதி வைத்தார். பின் வந்தோர் யாவரும் அத்திடலின் புல்லோடு போராடியே வந்திருக்கின்றனர். உப்புக் காற்று ஒருபுறம், பட்டம் விடுவோரின் கால்கள் ஒருபுறம், மாசி வெயில் ஒருபுறம். 2022ஆம் ஆண்டில் மாதக்கணக்கில் மக்கள் திரண்டு போராடியதும் அந்நிலத்தின் மீதே. இவ்வளவுக்கும் பின்னர் மழை வந்ததும் மீண்டும் ஏதோ ஒரு பச்சை அங்கு தலையெடுக்கிறது. அரசினால் முடியாத ஒன்றை ஆறு பேர்ச்சஸ் வளவில் நாம் ஒரு குழாயைக் கொண்டு சாதிக்க முற்படுவது ஏன் என்பதே நமது கேள்வி.

இங்கே ஒரு தடை உண்டு. அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்கு முற்றம் என்றால் கூட்டிய முற்றந்தான். விடியற்காலையில் விளக்குமாற்றின் கோடுகள் மணலிற் படிந்திருக்க வேண்டும். மேலே சாணநீர் தெளித்திருந்தால் இன்னும் சிறப்பு. நாமறிந்த ஓர் ஆச்சி, தம் பேரன் வளவிற் கொடி நட்டதைக் கண்டு, “முத்தத்திலை புல்லு முளைச்சால் வீட்டிலை ஆள் இல்லையெண்டெல்லோ ஊர் நினைக்கும், தம்பி?” என்று கேட்டார். “ஆச்சி, இது தானா முளைச்ச புல்லில்லை, நட்டது” என்றான் அவன். “நட்டாலென்ன, முளைச்சாலென்ன, பாம்புக்குத் தெரியுமோ?” என்று அவர் கேட்டதற்கு அவனிடம் விடை இல்லை. ஆச்சியின் அச்சம் வெறும் அச்சமன்று. ஆகவே நிலத்தோடு ஒட்டிக் கணுக்காலுக்கு மேல் எழாத செடிகளையே வீட்டு வாயிலுக்கு அருகே தேர்ந்தெடுக்க வேண்டும். உயர்ந்து வளர்வனவற்றை மதிலோரம் ஒதுக்கிவிடலாம்.

ஆனால் கூட்டிய மணல் முற்றமும் இன்று நம்மிடம் இல்லை. அதனிடத்தைச் சீமெந்து பிடித்துக்கொண்டது. சீமெந்து தரையைக் கூட்டுவது எளிது, கழுவுவது எளிது, வாகனம் நிறுத்துவதும் எளிது. ஐந்து பேர்ச்சஸ் சீமெந்தின் மீது 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 6,000 லீற்றருக்கு மேற்பட்ட நீர் ஒரே முறையில் ஒழுங்கைக்கு ஓடும். ஒழுங்கையிலுள்ள எல்லா வீடுகளும் அவ்வாறே செய்யும்போது, கால்வாயை அண்டிய தாழ்வான பகுதிகளில் இருப்போர் வீட்டினுள் அது புகுகிறது. முன்பு இதே நீரை மணல் குடித்து, கிணற்றுக்குத் தந்துகொண்டிருந்தது. சிலர் விரிக்கும் பிளாஸ்ரிக் புல்லைப் பற்றி ஒன்றே சொல்வோம்: நண்பகலில் வெறுங்காலோடு அதன்மேல் நின்று பாருங்கள்.

சரி, எதனை நடுவது? விடையைத் தேடிப் பேராதனைக்குப் போக வேண்டியதில்லை. நம் கடற்கரையிலும் ஒழுங்கை ஓரங்களிலும் யாரும் நீர் ஊற்றாமலே எது வாழ்கிறது என்று பார்த்தாற் போதும்.

கடலோரம் முதலில் நம் கண்ணிற் படுவது அடம்பன் கொடி. சங்கப் புலவர்கள் இதனை அடும்பு என்று நெய்தல் நிலத்தில் வைத்துப் பாடினர். அதன் பிளவுபட்ட இலைக்கு மானின் அடியை உவமை கூறினர். மேனாட்டுத் தாவரவியலாரும் இலையையே பார்த்து, ஆட்டின் பாதம் என்று பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டனர். உலகின் வெப்ப நாடுகள் பலவற்றின் கரைகளில் இக்கொடி இருப்பதற்குக் காரணம், அதன் விதை கடல்நீரில் மிதந்து சென்று கரையேறியும் முளைக்கும் ஆற்றலைப் பெற்றிருப்பதே. ஒவ்வொரு கணுவிலும் வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொள்ளும். உப்புக்கும் வெயிலுக்கும் அஞ்சாது. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்ற நம் பழமொழியை மேடைகளில் ஒற்றுமைக்குச் சொல்வார்கள். மணல் அரிப்பைத் தடுப்பதில் அது சொல்லுக்குச் சொல் உண்மை. காலையில் விரியும் ஊதா மலரின் அழகைக் கூறவும் வேண்டுமோ? ஆனால் அது இடம் கேட்கும். பல மீற்றர் தூரம் ஓடும், மிதிபடுவதை விரும்பாது. கடலைப் பார்த்திருக்கும் தொடர்மாடியின் வெளிப்புற மணற்றிட்டுக்கு அதுவே உரியது. சிறு முற்றத்துக்கு அன்று. அதன் அயலில் வளரும் இராவணன் மீசையையும் குழந்தைகள் உள்ள வீட்டார் மறந்துவிடலாம். அதன் இலை நுனி ஊசிபோற் குத்தும்.

சிறு முற்றத்துக்கு நாம் முதலிடம் கொடுப்பது பொடுதலைக்கே. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சும் அப்பூண்டை அறியாத ஆச்சிமார் இல்லை. வரம்பு ஓரத்திலும் வடிகால் ஓரத்திலும் தானாகப் படரும். வெள்ளையும் இளஞ் சிவப்புமாகச் சிறு குமிழ் போன்ற பூக்களைத் தூக்கி நிற்கும். நிலத்தோடு படிந்து கிடக்கும். ஓரளவு மிதியையும் உவரையும் தாங்கும். மழைக்காலத்தில் நீர் தேங்கினாலும் அழுகாது, வெயிற்காலத்திற் சிறிது சுருங்கினாலும் மாண்டுபோகாது. கொழும்பின் இரு பருவங்களுக்கும் இதைவிடப் பொருத்தமான பாயை நாம் காணவில்லை. இதன் பெருமையை நாம் அறியாவிட்டாலும் பிறர் அறிந்துகொண்டனர். கடும் வறட்சியால் 2015ஆம் ஆண்டில் நகரங்களின் நீர்ப் பாவனையை நூற்றுக்கு 25 குறைக்குமாறு ஆணையிடப்பட்ட கலிபோர்னியாவில், புற்றரைக்கு மாற்றாக விற்கப்படும் செடிகளுள் ஒன்று ‘குராபியா’. அது யப்பானில் தெரிந்தெடுத்து வளர்த்த நம் பொடுதலையின் ஒரு வகையே! நாம் பிடுங்கி எறிவதை அவர்கள் விலைகொடுத்து நடுகிறார்கள். ஒன்று மட்டும் நினைவிற் கொள்ளவேண்டும்: பூக்கும் காலத்தில் தேனீக்கள் நிறைய வரும். வெறுங்காலோடு ஓடும் சிறுவர் உள்ள வீட்டில் பூத்தவுடன் மேலோட்டமாக வெட்டிவிடுவது நலம்.

பிள்ளையாருக்குரிய அறுகம்புல்லையும் தள்ளிவிட முடியாது. ‘அறுகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அவ்வேரின் ஆழமே அதன் உயிர். மாசியிற் பழுப்பாகும், பார்ப்பவர் செத்துவிட்டதென்பர், முதல் மழைக்கு மூன்றாம் நாள் தளிர்க்கும். பழுப்பு நிறத்தை இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளும் மனம் உள்ளவருக்கே அறுகு. நிழல் அதற்கு ஆகாது. அறுகினூடே சிறுபுள்ளடி என்னும் மூவிலைப் பூண்டு தானாக வந்து சேருவதுண்டு. களையென்று அதனைப் பிடுங்க வேண்டாம். அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குத் தருவதால் அறுகுக்கு உரமிட வேண்டிய செலவும் குறையும்.

இதே குடும்பத்தில், கடற்கரையில் நாம் கொறிக்கும் கச்சானுக்கு நெருங்கிய உறவான ஒரு கொடி பிரேசில் நாட்டிலிருந்து வந்திருக்கிறது. பின்டோ என்பது அதன் பெயர். மஞ்சட் பூவோடு அடர்ந்து படரும். அரை நிழலையும் ஏற்கும். மூன்று நான்கு மாத வறட்சியை வேரின் பலத்தாற் கடந்துவிடும். செம்புறைக்கல் மண்ணுள்ள வளவுகளுக்கு, கொழும்பிற் ‘கபுக்’ என்கிறார்களே அம்மண்ணுக்கு, இது ஏற்றது. வெறும் மணலில் அவ்வளவு செழிப்பதில்லை.

மொட்டைமாடியின் மெல்லிய மண்படையில், அல்லது மதிலடியில் ஒரு சாண் அகலமே உள்ள பாத்தியில், பத்துமணிப்பூவை வைத்தால் அது தன் தடித்த இலைகளிற் சேமித்த நீரைக்கொண்டே காலம் தள்ளும். வெயில் ஏறிய பின்பே கண்விழிக்கும் சோம்பேறிப் பூ. ஆயினும் நிறங்களுக்குக் குறைவில்லை. பட்டிப்பூவையும் அங்கே தூவிவிடலாம். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்த அச்செடியிலிருந்தே இரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகள் எடுக்கப்படுகின்றன என்பதை மாணவர்கள் அறிந்திருப்பர். இலை நச்சுடையதாகையால் குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொட்டாஞ்சேனையின் நிலைமை வேறு. சேனை என்னும் சொல் காடு வெட்டிப் பயிரிடும் நிலத்தைக் குறிப்பதாயினும், இன்று அங்கு பயிரிட ஒரு கைப்பிடி மண் கிடைப்பதே அரிது. வீடுகள் நேரே தெருவை நோக்கித் திறக்கின்றன. பின்கட்டிலே இரு சுவர்களுக்கிடையில் வெயில் எட்டிப்பார்க்காத ஒரு கீற்று நிலம் இருக்கும். அங்கே புல் நடுவது வீண் வேலை. மருளைக் கூட்டமாக நட்டால் வாளைப்போல் நிமிர்ந்து நிற்கும், நீரை எதிர்பாராது. அதன் ஓர் இனத்தின் இலத்தீன் பெயரிலேயே இலங்கை இருக்கிறது. முன்னோர் நார் உரித்த செடி. முன்னால், சிறிது வெளிச்சம் படும் பக்கத்தில் கற்பூரவள்ளியை ஒடித்து ஊன்றலாம். குழந்தைக்குத் தடிமன் பிடித்த இரவில் மருந்து கொல்லையிலேயே இருக்கும். நீர் தேங்கினால் மட்டும் அது அழுகிவிடும்.

இனி ஓர் எச்சரிக்கை. நீரும் வேண்டாம், பராமரிப்பும் வேண்டாம், ஆறு மாதத்தில் வளவை மூடிவிடும் என்று யாரேனும் பளபளக்கும் பச்சை இலையும் மஞ்சட் பூவும் உடைய கொடியொன்றை நீட்டினால், பெயரைக் கேளுங்கள். அது வெடீலியாவாக இருத்தல் கூடும். நடு அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, வேலியைத் தாண்டி, உலகின் மிகக் கொடிய 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம் பெற்ற கொடி அது. ஒரு துண்டு வடிகாலில் விழுந்தாற் போதும். வேறெதனையும் அருகில் முளைக்க விடாது. அதன் நாட்டு உறவினளே நம் மஞ்சட் கரிசலாங்கண்ணி. அடக்கமாக ஈரமண்ணில் வாழ்ந்து மருந்துக்கு உதவும் அந்தப் பூண்டைத் தன் இடத்திலிருந்தே தள்ளிவிடும் வலிமை அந்நியக் கொடிக்கு உண்டு. இத்தகைய வரலாறு நமக்குப் புதிதன்று. நாயுண்ணியும் பூந்தோட்டத்தின் வழியாகவே இத்தீவில் நுழைந்தது. ஆகாயத்தாமரையும் அழகிய நீர்ப்பூவாகத்தான் வந்தது. வந்து சில ஆண்டுகளுள், 1909இல், அதனை ஒழிக்கச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. சட்டம் வந்தது, ஆயினும் பூ இருக்கிறது. நீர் கேளாமையும் விரைந்து படர்தலும் ஒரு செடிக்குச் சிறப்பென்று நாம் எண்ணுகிறோம். அவை வேலிக்கு வெளியே என்ன செய்யும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். இது காரணமாகவே, ஏற்கெனவே இவ்வூரில் வாழும் பூண்டுகளை நாம் முன்னிறுத்துகிறோம்.

நுளம்பைப் பற்றி ஒரு சொல். 2017ஆம் ஆண்டில் இந்நாட்டில் 1,80,000க்கும் மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளானதை மறக்க முடியாது. நிலத்திற் படரும் கொடி நுளம்பை உண்டாக்குவதில்லை. தேங்கிய நீரே உண்டாக்குகிறது. அன்னாசி இனத்து அலங்காரச் செடிகளைப்போல் இலையடியிற் கிண்ணமாக நீர் ஏந்தும் செடிகளை விலக்குக. அடர்ந்த கொடியின் கீழே எறியப்பட்ட யோகட் கோப்பையும் சிரட்டையும் கண்ணுக்குத் தெரியாமற் கிடக்கும். ஆகவே வாரம் ஒருமுறை கையால் விலக்கிப் பார்ப்பது கட்டாயம். பராமரிப்பு வேண்டாத தோட்டம் என்று ஒன்று இல்லை. நீர் ஊற்றும் வேலை குறையும். பார்க்கும் வேலை எஞ்சும்.

நடுவதற்குக் காலம் ஐப்பசி. ஒக்டோபர் மழை நன்கு தொடங்கிய பின் நட்டால், வேர் பிடிக்கும் ஆறு எட்டு வாரங்களும் வானமே நீர் ஊற்றும். நீர் வேண்டாச் செடியும் அந்த முதல் வாரங்களில் நீர் கேட்கும் என்பதை அறியாது ஜனவரியில் நட்டு ஏமாந்தவர் பலர். நடுமுன் கோரையைக் கிழங்கோடு கிளறி எடுத்துவிட வேண்டும். ஒரு கிழங்கு தங்கினாலும் அது பொடுதலைக்கு மேலே தலைதூக்கி நம்மைப் பரிகசிக்கும். மணலாயின் உக்கிய இலைகுழையையும் தென்னந் தும்புத் துகளையும் மேல்மண்ணிற் கலந்துவிடுக. பொடுதலைத் தண்டை ஒரு விரல் நீளமாக வெட்டி, சாணுக்கொன்றாக, ஒரு கணு மண்ணுள் இருக்கும்படி ஊன்றினாற் போதும். இடைவெளியை மூடும்வரை களை பிடுங்குவது சிறுவர் வேலை. முதலாண்டு மாசியில் மிகவும் வாடினால் அரிசி கழுவிய நீரைக் கொண்டுபோய் ஊற்றலாம். உப்புக் கலந்த கறி நீர் கூடாது.

வளவு முழுவதையும் மூடிவிடவும் வேண்டாம். கோலத்துக்கும், மிளகாய் காய விடுவதற்கும், தைப்பொங்கலன்று மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுவதற்கும் வாயிலுக்கு நேரே இரண்டு பாய் விரிக்கும் அளவு நிலத்தை வெறுமையாக விட்டு, ஆச்சியின் விளக்குமாற்றுக்கு ஒப்படைத்து விடுங்கள். ஐப்பசியில் ஊன்றிய தண்டுகள் பொங்கலுக்குள் அதன் ஓரம் வரை வந்து சேர்ந்துவிடும்.